விடுவதும் முன்வருவதும்: 'ரிலீஸ்', 'வாலண்டியர்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாடப் புத்தகம் கிடையாது. வருகிறவர்கள் கொண்டுவரும் தாள்தான் பாடம்: ஆஸ்பத்திரிச் சீட்டு, பத்திர நகல், கம்பெனிக் கடிதம், மகன் கைபேசியில் அனுப்பிய செய்தி. அவற்றில் 'ரிலீஸ்', 'வாலண்டியர்' என்ற இரண்டு சொற்களும் அவற்றின் சொந்தக்காரச் சொற்களும் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்ட பிறகு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

படிக்கும்போது இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'ரிலீஸ்' வகைச் சொல் வந்தால், இதுவரை பிடித்திருந்த கை யாருடையது என்று பாருங்கள். 'வாலண்டியர்' வகை வந்தால், விருப்பம் யாருடையது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

டீச்சர், 'ரிலீஸ்'னா விடுதலையா, வெளியீடா? டிக்‌ஷனரியில ரெண்டும் போட்டிருக்கே?

இரண்டும்தான், இன்னும் பலவும் உண்டு. ஒன்று பிடிக்குள் இருந்தது, அந்தப் பிடி தளர்ந்தது என்பதே இதன் அடிப்படை. லத்தீனில் 'தளர்த்து' என்று பொருள்படும் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ரிலீஸ்' ஆனது. 'ரிலாக்ஸ்' என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். கைதியானாலும் படமானாலும் அணைத் தண்ணீரானாலும் கிளட்ச்சானாலும் அரசு நிதியானாலும் ஆங்கிலத்துக்கு அந்த ஒரு சொல் போதும். தமிழில் பொருளுக்கேற்ப வினை மாறும். கைதி விடுதலை ஆவார், படம் வெளியாகும், நீர் திறக்கப்படும், நிதி விடுவிக்கப்படும். குறுவைக்கு ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அந்தச் செய்தியை ஆங்கில நாளிதழ் 'ரிலீஸ்' என்று போடும், நம் நாளிதழ் 'நீர் திறப்பு' என்று போடும். இரண்டும் சரி.

நம்மிடமும் இப்படி ஊரெல்லாம் சுற்றிவரும் ஒரு சொல் இருக்கிறது: 'விடு'. மூச்சு விடுகிறோம், பட்டம் விடுகிறோம், பள்ளிக்கூடம் விட்டாச்சு என்கிறோம், லீவு விட்டாங்க என்கிறோம். 'ரிலீஸ்' புரியாதபோது முதலில் 'விடு'வைப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் வழி தெரியும்.

'ஃப்ரீ', 'லிபரேட்', 'ரிலீஸ்' மூணும் ஒண்ணுதானே?

எல்லைகள் வேறு. 'ரிலீஸ்' என்பது உணர்ச்சி கலக்காத, அலுவலகத்துக்குரிய சொல். 'செட் ஃப்ரீ' என்றால் கூண்டுக் கிளியைப் பறக்கவிடுவது போன்ற நெகிழ்ச்சி கூடும். 'லிபரேட்' நாடு, மக்கள், அடக்குமுறை என்று பெரிய இடங்களில் வரும். கிளட்ச்சை யாரும் 'லிபரேட்' செய்வதில்லை.

'லிபரேட்'டின் உறவு ஒன்று உங்கள் வீட்டு வாசலுக்குத் தினமும் வருகிறது: 'டெலிவர்'. அதன் பழைய பொருள் விடுவிப்பதுதான். 'தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்' என்று தமிழில் வரும் ஜெபவரிக்கு ஆங்கிலத்தில் இருப்பது இந்த 'டெலிவர்'. பிரசவத்தை 'டெலிவரி' என்பதும் அந்தப் பொருளில் கிளைத்ததே. அடிமையை விடுவிப்பதற்கு 'மேனுமிட்' என்று இன்னொரு பழஞ்சொல் உண்டு. லத்தீனில் அதன் நேர்ப்பொருள் 'கையிலிருந்து அனுப்புவது'. தமிழில் 'கைவிடு' என்றால் அநாதரவாக விட்டுவிடுவது. இரண்டு மொழியிலும் கை இருக்கிறது, விடுதல் இருக்கிறது, பொருள் மட்டும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டது. சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் ஏன் தவறும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

வேலையை விடும்போது வாங்குறது 'ரிலீசிங் லெட்டரா', 'ரிலீவிங் லெட்டரா'?

'ரிலீவிங்'. அரசு அலுவலகத் தமிழில் பணிவிடுவிப்பு ஆணை. 'ரிலீவ்' என்பதன் வேர்ப்பொருள் பாரத்தைக் குறைப்பது. சுமையை இறக்கினால் நிம்மதி வருமல்லவா? அதனால்தான் 'ஐ வாஸ் ரிலீவ்ட்' என்றால் 'எனக்கு நிம்மதியாக இருந்தது'. வெள்ள 'ரிலீஃப்' என்றால் நிவாரணம்.

விண்ணப்பங்களில் பலர் 'ஐ ரிலீவ்ட் ஃப்ரம் த கம்பெனி' என்று எழுதுகிறார்கள். அது தவறு. உங்களை விடுவித்தது கம்பெனி, நீங்கள் விடுவிக்கப்பட்டவர். ஆகவே 'ஐ வாஸ் ரிலீவ்ட்' என்று எழுதித் தேதியைப் போடுங்கள். 'ஐ லெஃப்ட்' என்று எழுதினால் இன்னும் தெளிவு. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஓர் அதிகாரி 'ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் டியூட்டீஸ்' என்று செய்தியில் வந்தால், அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று பெரும்பாலும் பொருள். அங்கே நிம்மதிக்கு இடமில்லை.

அக்கா, கம்பெனி மெயில்ல 'வி ஆர் லெட்டிங் யூ கோ'ன்னு வந்திருக்கு. ஊருக்குப் போக பெர்மிஷன் குடுத்துட்டாங்களா?

இல்லை, தம்பி. வேலை போய்விட்டது என்று சொல்கிறார்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட பையன் அப்போதுதான் லீவுக்கு எழுதிப் போட்டிருந்தான். சிரித்த முகத்தோடு கைபேசியை நீட்டினான். அவனுக்கு அர்த்தம் சொன்ன அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

'லெட் கோ' என்றால் போகவிடு. வேலை விஷயத்தில் அது 'வேலையை விட்டு நிறுத்திட்டாங்க' என்பதற்கு மெத்தை போட்ட சொல். 'லே ஆஃப்' என்றால் ஆட்குறைப்பு, பொதுவாக உங்கள் மேல் குற்றமில்லை. 'ஃபயர்' என்றால் உங்கள் வேலையிலோ நடத்தையிலோ குறை சொல்லி நீக்குவது. 'லெட் கோ' இந்த இரண்டையும் மூடி மறைக்கும். அதனால் பதில் எழுதும்போது காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன 'ரிலீவிங்' கடிதத்தையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

'லெட் கோ', 'லெட் கோ ஆஃப்', 'லெட் இட் கோ', 'லெட் யுவர்செல்ஃப் கோ'... தலை சுத்துது.

'லெட் கோ ஆஃப் மை ஹேண்ட்' என்றால் 'என் கையை விடு'. பிடித்திருக்கும் பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த 'ஆஃப்' வேண்டும். 'லெட் இட் கோ' என்பது பேச்சில் 'விட்டுத் தள்ளு', கோபத்தையோ பழைய பகையையோ இறக்கி வைக்கச் சொல்வது. 'லெட் யுவர்செல்ஃப் கோ'வுக்கு இரண்டு பொருள். கல்யாண வீட்டில் சொன்னால் 'கூச்சப்படாம சந்தோஷமா இரு'. ஆனால் ஒருவரைப் பற்றி 'ஹி ஹேஸ் லெட் ஹிம்செல்ஃப் கோ' என்றால், அவர் உடம்பையும் தோற்றத்தையும் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று குறை சொல்வது. நேரில் ஒருவரிடம் சொல்லக்கூடாத வாக்கியம்.

வீட்டு வாசல்ல தொங்குற 'டு லெட்' போர்டுல இருக்கிறதும் இதே 'லெட்'டா?

அதே 'லெட்'தான். விடு, அனுமதி என்பதிலிருந்து 'குடியிருக்க விடு' என்று வாடகைக்கு வந்தது. நாமும் 'வீட்டை வாடகைக்கு விட்டிருக்கோம்' என்றுதானே சொல்கிறோம்.

ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் வரும் வேண்டுகோளில் 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கும். இந்த 'லெட்' வேறு. பழைய ஆங்கிலத்தில் தனி வேரிலிருந்து வந்தது, பொருள் 'தடை'. தடையோ இடையூறோ இல்லாமல் இவரைப் போக விடுங்கள் என்பது வரி. விடுவதற்கும் தடுப்பதற்கும் ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருந்தன, தடுக்கிற 'லெட்' வழக்கொழிந்து இப்படிச் சில தொடர்களில் மட்டும் தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில 'டிஸ்சார்ஜ்', பேட்டரியும் 'டிஸ்சார்ஜ்', புண்ணுலயும் 'டிஸ்சார்ஜ்'. எப்படி?

வண்டியிலிருந்து சரக்கை இறக்குவதுதான் மூலப்பொருள். ஏற்றியது 'சார்ஜ்', இறக்கியது 'டிஸ்சார்ஜ்'. நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார், மின்சாரம் இறங்கிப்போகிறது, சீழ் வெளியேறுகிறது. அணையிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி வெளியேறுகிறது என்பதற்கும் இதே சொல். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். இருபதாயிரம் கன அடி என்று செய்தியில் கேட்கும்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஆற்றின் பலம் தெரியும்.

மாத்திரை அட்டையில பேருக்குப் பின்னாடி 'எஸ்.ஆர்.'னு இருக்கே, அது யாரோட இனிஷியல்?

நல்லவேளை கேட்டீர்கள். 'சஸ்டெயின்ட் ரிலீஸ்' என்பதன் சுருக்கம். மருந்து ஒரேயடியாக இறங்காமல் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியாகும்படி செய்த மாத்திரை. 'ஈ.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.', 'சி.ஆர்.' என்று இருந்தாலும் ஏறக்குறைய இதே வகைதான். 'டி.ஆர்.' மட்டும் வேறு: அது தாமதமாக வெளியாவது, பெரும்பாலும் வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலில் கரைவதற்காக. இங்கே பிடித்திருக்கும் கை, மாத்திரையின் மேற்பூச்சும் அதன் உட்பொருளும்தான்.

அதனால் இப்படிப்பட்ட மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கக்கூடாது, மெல்லக்கூடாது. விழுங்க முடியாத வயசானவர்களுக்கு வீட்டில் நல்ல எண்ணத்தோடு பொடித்துக் கொடுத்துவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உடம்புக்குள் போய்விடும். விழுங்கச் சிரமம் என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இந்த வகையில் சாப்பிடுகிறவர்கள் சிலர், மலத்தில் மாத்திரைக் கூடு வருகிறதே என்று பயப்படுகிறார்கள். மருந்து வெளியான பிறகு மிஞ்சிய வெறும் கூடு அது.

பேப்பர்ல எல்லாத்துக்கும் 'விடுதலை'ன்னு போடறாங்க. 'டிஸ்சார்ஜ்', 'அக்விட்டல்', 'பெயில்', 'பரோல்' நாலும் ஒண்ணா?

நான்கும் வெவ்வேறு. ஒருவருடைய மானம் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 'டிஸ்சார்ஜ்' என்றால், குற்றச்சாட்டை முறையாக எழுதிப் பதியும் (வனையும்) முன்பே, வழக்கு நடத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் விடுவிப்பது. விசாரணையே நடக்கவில்லை. 'அக்விட்டல்' விசாரணை முடிந்து குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்புச் சொல்லி விடுதலை செய்வது. முதலாவதை 'விடுவிப்பு' என்றும் இரண்டாவதை 'விடுதலை' என்றும் பிரித்து எழுதும் செய்தியாளர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அப்படி எழுதினால் நன்றாக இருக்கும்.

'ரிலீஸ்ட் ஆன் பெயில்' என்றால் ஜாமீனில் வெளியே வந்திருக்கிறார். சிறையின் பிடி தளர்ந்தது, வழக்கின் பிடி தளரவில்லை. 'குற்றவாளி இல்லைன்னு விட்டுட்டாங்க' என்று இதைச் சொல்வதும் தப்பு, 'காசு கட்டித் தப்பிச்சுட்டான்' என்று சொல்வதும் தப்பு.

'பரோல்' பிரெஞ்சுச் சொல். 'வாக்கு' என்று பொருள். போர்க்கைதி 'திரும்பி வருவேன், ஆயுதம் எடுக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்து வெளியே போன வழக்கத்திலிருந்து வந்தது. தண்டனைக் கைதி குறித்த நாளில் திரும்பி வருவதாகச் சொல்லித் தற்காலிகமாக வெளியே வருவது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதை 'லீவ்' என்றே சொல்கின்றன. அலுவலகத்தில் நாம் எடுக்கும் விடுப்புதான், இடம் மட்டும் சிறை.

'ரிலீஸ் டீட்'ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. எனக்கு விடுதலை கிடைக்குதுன்னு அர்த்தமா?

அம்மா, இதில் விடுவது நீங்கள். தமிழில் விடுதலைப் பத்திரம், பழைய பத்திரங்களில் ஹக்கு விடுதலை. ஒரு சொத்தில் கூட்டாக உரிமை உள்ளவர்களில் ஒருவர், தன் பாகத்தை மற்றக் கூட்டு உரிமையாளருக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. பேச்சில் 'அக்கா விடுதலை எழுதிக் குடுத்துட்டாங்க' என்பார்கள். சொத்தில் ஏற்கெனவே பங்கு இல்லாத வெளியாளுக்கு இப்படி எழுத முடியாது. அதற்குக் கிரயமோ தானமோ செட்டில்மென்டோ வேண்டும்.

அந்தப் பத்திரத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: 'நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனச்சம்மதத்துடன்...' ஆங்கிலத்தில் 'ஆஃப் மை ஓன் ஃப்ரீ வில்'. பத்திர எழுத்தரின் கணினியில் எப்போதும் இருக்கும் வரி என்பதால் யாரும் படிப்பதில்லை. ஆனால் பிடித்திருந்த கை யாருடையது, விருப்பம் யாருடையது என்று நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் இது. பிடியைத் தளர்த்துவது உங்கள் கை. விருப்பமும் உங்களுடையது என்று எழுத்தில் உறுதி சொல்கிறீர்கள். பின்னால் 'அண்ணன் அழுதான், அதனால போட்டேன்' என்று சொன்னால் இந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதம் செல்லாது என்று சொல்லலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

எங்கள் வகுப்புக்கு வரும் பெண்களில் பலர், சீர் செய்தாச்சே, பாகம் எதற்கு என்று படிக்காமல் போட்டவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்திருக்கிறது. விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம், அதைக் குறை சொல்ல நான் யார்? எதை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விடுங்கள். சர்வே எண்ணும் விஸ்தீரணமும் உள்ள பக்கத்தை யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதே எழுத்துல நடுவுல ஒரு கோடு போட்டு 'ரீ-லீஸ்'னு இருக்கே?

அது வேறு. மறுபடியும் குத்தகைக்கு விடுவது. உச்சரிப்பு 'ரீ-லீஸ்', முதல் அசை நீளும். கோடு விட்டுப்போனால் அர்த்தமே மாறும். ஒப்பந்தத்தில் பார்த்தால் விரல் வைத்துப் படியுங்கள்.

'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்'னா பூனையைத் திறந்து விடறதா?

ரகசியத்தைத் தெரியாமலோ அவசரப்பட்டோ வெளியே சொல்லிவிடுவது. தமிழ்ப் பத்திரிகைகளில் 'பூனைக்குட்டி வெளியே வந்தது' என்று இது குடியேறியே விட்டது. நமக்குச் சொந்தமானது 'குட்டு உடைந்தது'. இரண்டில் எனக்குப் பிடித்தது குட்டுதான்.

இந்தக் குடும்பத்தில் அடிக்கடி கேட்கும் இன்னும் சில. 'லெட் ஆஃப் ஸ்டீம்': நீராவி இயந்திரத்தில் அழுத்தம் கூடினால் வால்வு வழியே ஆவியை விடுவார்கள். மனிதருக்கு வந்தால், உள்ளே அடைத்ததைக் கொட்டித் தீர்ப்பது. 'லெட் ஆஃப் த ஹூக்': தூண்டில் முள்ளிலிருந்து மீன் விடுபடுகிற காட்சி, சிக்கலிலிருந்து தப்பவிடுவது என்று பொருள். 'கிவ் ஃப்ரீ ரெய்ன்': இந்த 'ரெய்ன்' கடிவாளம், ஆட்சி என்ற 'ரெய்ன்' அல்ல. குதிரை இஷ்டப்படி போகக் கடிவாளத்தைத் தளர்த்துவது. ஒருவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும்போது சொல்வார்கள். நம் 'தண்ணி தெளிச்சு விட்டுட்டோம்' இதற்கு ஈடாகாது. இனி திருந்த மாட்டான் என்ற சலிப்பு அதில் இருக்கிறது.

'வாலண்டியர்'னா சம்பளம் வாங்காம வேலை செய்யறவர்தானே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சொல்லின் வேரில் சம்பளம் பற்றிய பேச்சே இல்லை. லத்தீனில் விருப்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. ஆங்கிலத்தில் முதலில் அதிகம் வழங்கியது படையில், கட்டாயப்படுத்தாமல் தானாகச் சேர்ந்தவரைச் சொல்ல. இந்திய ராணுவத்தையும் இந்தப் பொருளில் 'வாலண்டியர்' படை என்பார்கள். கட்டாய ராணுவச் சேவை நமக்கில்லை, விரும்பிச் சேர்கிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் ₹1,000 ஊக்கத்தொகை தந்தார்கள். அதனால் அவர்கள் தன்னார்வலர் இல்லை என்றாகாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர்கள் என்று ஆண்டுக்கணக்கில் பள்ளியில் கற்பித்தவர்கள், நிரந்தர நியமனம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 'விரும்பித்தானே வந்தீர்கள்' என்ற வார்த்தையைக் காட்டி ஒருவருடைய உழைப்பை நெடுநாள் வாங்கிக்கொண்டே இருப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

தமிழ்ல தொண்டர்னு எழுதணுமா, தன்னார்வலர்னு எழுதணுமா?

தமிழ்நாட்டில் இன்று 'தொண்டர்' என்றால் கட்சிக்காரர் நினைவுக்கு வருவார். அதனால் வெள்ள நிவாரணம், ரத்ததானம் போன்றவற்றுக்குத் 'தன்னார்வலர்' தெளிவு. 'தொண்டு' பழைய சொல். தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்ற பெயரிலேயே அடியார் என்ற பொருளைப் பார்க்கலாம். யாருக்கு ஊழியம் செய்கிறோம் என்பதைத் 'தொண்டர்' சொல்லும், யார் விருப்பத்தால் என்பதைத் 'தன்னார்வலர்' சொல்லும். ஆங்கிலச் சொல் இரண்டாவதோடு சேர்ந்தது.

பேச்சில் 'வாலண்டியரா போய் மாட்டிக்கிட்டான்' என்கிறோமே, அதற்குத் தமிழில் 'வலியப் போய்'. நீதிமன்றம் யாரும் மனுப் போடாமல் வழக்கை எடுத்தால் 'தாமாக முன்வந்து' என்று எழுதுவார்கள். அது 'சூவோ மோட்டு' என்ற லத்தீன் தொடருக்குச் சரியான தமிழ்.

'ஹி டிட் நாட் வாலண்டியர் எனி இன்ஃபர்மேஷன்'. தகவல் எப்படி வாலண்டியர் பண்ணும்?

கேட்காமல் அவராக எதையும் சொல்லவில்லை என்பது பொருள். கேட்டதற்குப் பதில் சொன்னார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. நேர்முகத் தேர்வு, காவல்துறை விசாரணை பற்றிய செய்திகளில் வரும்.

'வாலண்டியர் டொமேட்டோ'ன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. புது ரகமா?

இல்லை. நாம் விதைக்காமல் தானாக முளைத்த தக்காளி. சமையல் கழிவு கொட்டிய இடத்தில் வருமே, அது. வயலில் முந்தைய போகத்தில் சிந்திய நெல் அடுத்த போகத்தில் முளைத்தாலும் ஆங்கிலத்தில் 'வாலண்டியர்'தான். வீட்டுத் தக்காளி சந்தோஷம். விதைநெல் வயலில் அப்படியில்லை, வேறு ரகம் கலந்துவிடும் என்று கலவன் (வேறு ரகச் செடி) பிடுங்கும்போது அதையும் பிடுங்கிவிடுவார்கள்.

'ஒன் வாலண்டியர் இஸ் வொர்த் டென் ப்ரெஸ்ட் மென்'. இஸ்திரி போட்ட ஆளுங்களா?

இந்த 'ப்ரெஸ்' இஸ்திரி இல்லை, அழுத்துவதும் இல்லை. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் போதாதபோது, துறைமுக ஊர்களில் கும்பலாகப் போய் மாலுமிகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். நெப்போலியன் போர்கள் 1815இல் முடிந்த பின் அந்த வழக்கம் நின்றது. அப்படிப் பிடித்துவந்தவர் 'ப்ரெஸ்ட் மேன்'. இழுத்துவந்த பத்துப் பேரைவிட விரும்பி வந்த ஒருவர் மேல் என்பது பழமொழி. தடியால் அடித்துக் கனியவைத்த பழம் என்று நாம் சொல்வது இதற்குக் கிட்டே வரும்.

அந்த 'ப்ரெஸ்'சின் வேர் முன்பணம். படைக்குச் சேர்கிறவர் கையில் முன்பணம் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. அரசு அலுவலகங்களில் சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் 'இம்ப்ரெஸ்ட்' தொகையிலும் இருப்பது இதே வேர்தான். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த என் மாணவர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, முப்பது வருஷம் எழுதிய சொல்லை அன்றைக்குத்தான் பார்த்ததுபோல முகம் மலர்ந்தது.

மேனேஜர் என்னைக் கேக்காமலே 'ஐ வாலண்டியர்ட் யுவர் நேம்'னு சொல்றார். அப்ப நான் வாலண்டியரா?

விருப்பம் யாருடையது? அவருடையது. ஆங்கிலத்தில் ஒருவரை இன்னொருவர் 'வாலண்டியர்' செய்யலாம், அதாவது கேட்காமல் பெயர் கொடுத்துவிடலாம். இதற்காகவே 'வாலண்டோல்ட்' என்று பேச்சுச் சொல் ஒன்று பிறந்திருக்கிறது: சொல்லி அனுப்பப்பட்ட தன்னார்வலர். 'வி.ஆர்.எஸ்.' என்ற விருப்ப ஓய்விலும் இதைப் பாருங்கள். உண்மையாகவே விரும்பிப் போகிறவர்கள் உண்டு, 'எழுதிக் குடுத்துடுங்க, இல்லேன்னா மாத்திடுவோம்' என்ற பேச்சுக்குப் பிறகு விரும்புகிறவர்களும் உண்டு.

நீங்களாகவே முன்வருவதற்கு 'ஸ்டெப் ஃபார்வர்ட்', 'புட் யுவர் ஹேண்ட் அப்' போதும். 'த்ரோ யுவர் ஹேட் இன் த ரிங்' என்றால் போட்டியில் இறங்குவது. குத்துச்சண்டை மேடைக்குள் தொப்பியை வீசினால் 'நான் மோதத் தயார்' என்று அந்தக் காலத்தில் பொருள். தேர்தல் செய்திகளில் அதிகம் வரும், ரத்ததான முகாமுக்குப் பொருந்தாது.

'வாலண்டரி'ன்னா நல்ல விஷயம்னு சொன்னீங்க. எஃப்.ஐ.ஆர்.ல 'வாலண்டரிலி காசிங் ஹர்ட்'னு இருக்கே?

விருப்பம் என்றேன், நல்லது என்று சொல்லவில்லை. சட்டத்தில் இந்தச் சொல் இன்னும் விரிந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 39ஆம் பிரிவில் இதற்கு விளக்கம் கொடுத்தது: ஒரு விளைவை எண்ணிச் செய்தாலும், அது நேரக்கூடும் என்று தெரிந்தே, அல்லது தெரிந்திருக்கக் காரணம் இருந்தும் செய்தாலும் அது 'வாலண்டரிலி'. அங்கேயே ஓர் உதாரணமும் இருந்தது. கொள்ளையடிக்க வசதியாக ஒருவன் இரவில் ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கிறான், ஒருவர் இறக்கிறார். கொல்ல நினைக்கவில்லை, வருத்தப்படக்கூடச் செய்யலாம். ஆனாலும் சாவு நேரக்கூடும் என்று தெரிந்திருந்தால், அவன் அதை 'வாலண்டரிலி' விளைவித்தவன். காயம் விளைவித்ததற்குப் பழைய சட்டத்தில் 323ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 115(2).

இதைத் தமிழில் 'விருப்பத்துடன்' என்று பெயர்த்தால் அபத்தமாகும், 'வேண்டுமென்றே' என்றால் பாதிதான் வரும். 'தன்னிச்சையாக' என்று எழுதுகிறார்கள். அறிவியல் பாடத்தில் தன்னிச்சைச் செயல், அனிச்சைச் செயல் என்று வரும்போது அது சரியாக உட்காரும். ஆனால் 'தலைவர் தன்னிச்சையாக முடிவெடுத்தார்' என்றால் யாரையும் கேட்காமல் நடந்துகொண்டார் என்ற கண்டனம் வந்துவிடுகிறது. இந்த இடத்துக்கு ஒரே சொல் தேடாமல் 'தெரிந்தே' என்று விளக்கிச் சொல்வதுதான் நான் கண்ட வழி.

கடைசிச் சம்பளம் தர்றதுக்கு முன்னாடி ஒரு தாள் குடுத்தாங்க. 'ஐ வாலண்டரிலி ரிலீஸ் அண்ட் ஃபார்எவர் டிஸ்சார்ஜ் த கம்பெனி ஃப்ரம் ஆல் க்ளெய்ம்ஸ்'. என்னை ரிலீஸ் பண்றாங்களா?

இத்தனை நேரம் பார்த்த சொற்கள் எல்லாம் ஒரே வரியில் வந்து நிற்கின்றன. முன்பு பார்த்த விடுதலைப் பத்திரத்தைப் போலவே இங்கேயும் விடுகிறவர் நீங்கள், விடுபடுகிறது கம்பெனி. 'டிஸ்சார்ஜ்' என்பது அதன்மேல் உங்களுக்கிருந்த பாத்தியத்தை இறக்கி வைப்பது. 'ஆல் க்ளெய்ம்ஸ்' என்றால் பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, போனஸ் என்று எதையும் இனி கேட்க மாட்டேன் என்பது. 'வாலண்டரிலி' என்பது, 'அதையும் நானே விரும்பிச் செய்தேன்' என்று பின்னால் உங்களிடமே காட்டப்படும் சொல். 'ஃபார்எவர்' என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்துக்கு முன் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: எந்த இனத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வங்கிக்கு வரும். பணம் வரும் முன்பே 'ரிசீவ்ட்' என்று அச்சாகியிருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'டு பி ரிசீவ்ட்' என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாத தொகை ஏதாவது இருந்தால் அதைத் தாளிலேயே குறிப்பிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுவது இன்னும் நல்லது. நகல் ஒன்று உங்கள் கையில் வரும்வரை அந்த மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.